சாமி பேரில் பாஸ்வேர்ட்

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு லேபில் இருந்தவர்கள்:

ரேணுகா. வாசல் மேஜையில் டோக்கன் கொடுத்துப் பேர் பதிகிறவள்.

முத்தழகு. ரத்தம் எடுப்பவர், மெஷினும் அவர் பொறுப்பு. ஐம்பது வயது. ஆட்களின் முகம் ஞாபகம் இருக்காது, நரம்பு ஞாபகம் இருக்கும்.

சத்தியப்பிரியா. ரிப்போர்ட் அடிப்பவள்.

ஈஸ்வரன். சிஸ்டம் பார்ப்பவன். சத்தியப்பிரியாவின் புருஷனுக்குக் கூடப்பிறந்த தம்பி.

பெஞ்சில் இருபத்து மூன்று காய்ச்சல்காரர்கள். அதில் சாக்கோட்டையிலிருந்து வந்த ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, தாயின் மடியில் கண்ணை மூடிக் கிடந்தது.

டாக்டர் தண்டாயுதபாணி அப்போது வந்திருக்கவில்லை. லேப் அவருடையது என்றாலும் அவரை இதில் சேர்க்க முடியாது.

வெளியே மழை. ஐப்பசி பிறந்தால் காரைக்குடியில் முதலில் மழை வரும், பத்து நாள் கழித்துக் கொசு வரும், அதற்குப் பிறகு செக்காலை ரோட்டில் இந்த பெஞ்சு நிறையும். ஈரச் செருப்புகள் வாசலில் குவிந்து கிடந்தன. டெட்டால் வாடையும் நனைந்த தலைமுடி வாடையும் சேர்ந்து அடித்தது.

ரேணுகாதான் முதலில் பார்த்தாள்.

"ஈஸ்வரண்ணே, செத்த இங்குட்டு வாங்களேன். எஞ் சிஸ்டம் சேப்பாயிருச்சு."

"ஜாதகம் பாக்குற சாப்ட்வேர திரும்பப் போட்டுட்டியா?"

"சத்தியமா இல்லண்ணே. வந்து பாருங்க. என்னமோ கடியாரம் ஓடுது."

ஈஸ்வரன் போய்ப் பார்த்தான். திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் இங்கிலீஷில் நாலு வரி. அதற்குக் கீழே ஒரு கடிகாரம் எழுபத்திரண்டு மணி நேரத்திலிருந்து பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவன் வரிகளைப் படிக்கவில்லை. லேப் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பான மதுரைக் கம்பெனிக்காரன் போன வருடம் பயிற்சி கொடுத்தபோது, எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ் என்று இதே படத்தைக் காட்டியிருந்தான்.

சுவரோரம் ஓடி நெட்வொர்க் பெட்டியின் வயர்களை மொத்தமாகப் பிடித்து இழுத்தான். திரும்பிப் பார்த்தபோது சத்தியப்பிரியாவின் திரையும் சிவப்பாகியிருந்தது. உள்ளறையில் முத்தழகு, "யாருப்பா கரண்டப் புடுங்குனது?" என்றார். பிறகு, "என்னதிது?" என்றார். அவர் மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டர் அது. கடைசியாக மருந்துப் பட்டியல் வைத்திருந்த கம்ப்யூட்டரும் போனது. நாலும் போக ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை.

சத்தியப்பிரியா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரைச் சிவப்பு முகத்தில் அடித்தது. ஈஸ்வரன் அவளைப் பார்த்தான். அவள் இவனைப் பார்க்கவில்லை. அப்போதே அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை உட்கார விடாமல் வேறு வேலை பார்க்கப் போனான்.

*

சாக்கோட்டைப் பிள்ளையின் ரத்தம் முந்தின நாள் சாயங்காலமே மெஷினில் ஓடிவிட்டது. தட்டணுக் கணக்கு கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்திருந்தது. காலையில் வந்து அடித்துக் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இப்போது அந்த எண் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

"அண்ணே, ஒங்களுக்கு ஞாபகம் இல்லயா?" என்றான் ஈஸ்வரன்.

"நேத்து நூத்திப்பத்துப் பேரு. எத ஞாபகம் வைக்கச் சொல்ற?" என்றார் முத்தழகு. "முன்ன மெஷினே பேப்பர்ல அடிச்சுத் துப்பும். நீங்கதேன அத நிப்பாட்டுனீக, எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கும்னு."

தாய்க்காரி எழுந்து வந்தாள். "என்னங்க, பேப்பர் குடுத்தா நாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருவம்ல."

"திரும்ப ரத்தம் எடுக்கணும்த்தா" என்றார் முத்தழகு.

"நேத்துத்தேன குடுத்தோம். அந்த ரத்தம் என்னாச்சு?"

முத்தழகு பிள்ளையின் கையைத் தடவித் தடவி நரம்பு தேடினார். நேற்றுக் குத்தின இடம் நீலம் பாரித்திருந்தது. பிள்ளை அழவில்லை. அழாததுதான் பயமாக இருந்தது. மெஷினைத் தனியாக ஓட்டி, அதன் சின்னத் திரையில் வந்ததை முத்தழகு கையில் எழுதிக்கொண்டு வந்தார். இருபத்தொராயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. டாக்டர் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சீட்டைப் பார்த்தார், கழற்றின செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு தானே வெளியே ஓடி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். மதுரைக்கு அனுப்பினார்கள்.

"ராத்திரியே தெரிஞ்சிருந்தா ராத்திரியே அனுப்பியிருக்கலாம்" என்றார் டாக்டர். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அதனால் எல்லோர் மேலும் விழுந்தது.

*

ஈஸ்வரனுக்கு முப்பத்து நாலு வயது. சென்னையில் ஒரு கம்பெனியில் ராத்திரி வேலை பார்த்து, உடம்பு தாங்காமல் ஊருக்கு வந்தவன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது சத்தியப்பிரியா. அவள் ஏற்கனவே இங்கே ஆறு வருடம் இருந்தாள். "எங் கொழுந்தன் கம்ப்யூட்டர்ல என்ன வேணும்னாலும் செய்வாருங்கய்யா" என்று டாக்டரிடம் சொன்னாள். அவர் நம்பினார்.

வந்த புதிதில் கம்ப்யூட்டர்கள் சந்தை மாதிரி இருந்தன. முத்தழகு பழைய பாட்டு இறக்குவதற்கு ஒன்று வைத்திருந்தார். ரேணுகா ஜாதகப் பொருத்தம் பார்க்கிற சாப்ட்வேர் ஒன்றைப் போட்டுக்கொண்டு பாதித் தெருவுக்குக் கல்யாணம் பேசினாள். பிறகு மதுரைக் கம்பெனிக்காரர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அவர்கள் சட்டம் ஒன்றுதான்: அனுமதி இல்லாமல் யாரும் எதையும் உள்ளே போடக் கூடாது. ஈஸ்வரன் எல்லாவற்றையும் அழித்தான். பென் டிரைவ் சொருகுகிற ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடைத்தான். புதிதாக எதைப் போட்டாலும் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும்படி செய்தான். ஒவ்வொரு திரைக்கு மேலும் தமிழில் ஒரு எச்சரிக்கைத் தாள் ஒட்டினான். முத்தழகு அவனுக்கு வாட்ச்மேன் என்று பேர் வைத்தார்.

"வாட்ச்மேன் தம்பி, ஒரு பாட்டு மட்டும் போட்டுக்கிறவா?"

"வேலைக்கு ஆபத்துண்ணே."

"ஒனக்கா எனக்கா?"

"ரெண்டு பேருக்குந்தேன்."

சத்தியப்பிரியா விஷயம்தான் வேறு. காய்ச்சல் ரிப்போர்ட்டோடு தமிழில் ஒரு தாள் கொடுப்பது டாக்டரின் பழக்கம். என்ன வந்திருக்கிறது, எப்போது மறுபடி வர வேண்டும், எந்த மாத்திரையைத் தொடக் கூடாது என்று. கிராமத்து ஆட்கள் இந்தத் தாளுக்காகவே இங்கே வந்தார்கள். சத்தியப்பிரியா திருப்பத்தூரில் டைப்ரைட்டிங் படித்து ஹையர் பாஸ் பண்ணியவள். பழைய டைப்ரைட்டர் எழுத்து வரிசைதான் அவள் விரலுக்குத் தெரியும். புதுக் கம்ப்யூட்டரில் அந்த வரிசைக்கான சாப்ட்வேர் இல்லை. அம்மா என்று அடிக்க இங்கிலீஷ் எழுத்தைத் தேட வேண்டியிருந்தது. நாலு நிமிஷத்தில் முடிந்த தாளுக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. பெஞ்சு முணுமுணுத்தது. டாக்டர் இரண்டு தடவை கேட்டார். இரண்டாம் தடவை கேட்டபோது, "முடியலன்னா சொல்லு, வேற ஆள் பாப்போம்" என்றார்.

"தம்பி, அந்தப் பழைய கீபோர்ட மட்டும் போட்டுக் குடுங்களேன்" என்று அவள் ஆனி மாதம் கேட்டாள்.

"மதுரைக்கு எழுதிக் கேக்கணும் மதினி. அவுக அனுமதி குடுத்தாத்தேன்."

"எழுதுங்க."

எழுதினான். மதுரையில் இதைப் பார்க்கிறவன் பேர் கோபிநாத். இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். ஒரு தடவை ஈஸ்வரன் எழுதினதை கோபிநாத் எல்லா ஊர் சிஸ்டம்காரர்களும் கேட்கிற போன் கூட்டத்தில் வாசித்துக் காட்டினான். பன்னிரண்டு ஊர்க்காரர்கள் சிரித்தது ஈஸ்வரன் காதில் இன்னும் இருந்தது. இந்தக் கடிதத்தை ஏழு தடவை திருத்தினான். பிறகு அனுப்பாமல் அப்படியே வைத்துவிட்டான். நாளைக்கு, நாளைக்கு என்று நாலு மாதம் போனது.

"வந்துச்சா தம்பி?" என்று கேட்பாள் அவள், மதியம் சோற்று டப்பாவைத் திறக்கும்போது.

"இன்னும் வரல மதினி."

"கல்லு மாதிரி இருக்காய்ங்களே. ஒரு போனப் போடுங்களேன்."

"போட்டேன். பாப்போம்னாய்ங்க."

போடவில்லை.

*

வீடு கழனிவாசலில் இருந்தது. ஒரே காம்பவுண்டுக்குள் அண்ணனுக்கு இரண்டு அறை, தம்பிக்கு இரண்டு அறை, நடுவில் பொதுச் சமையல்கட்டு. அண்ணன் மருதுபாண்டி புதுவயல் அரிசி மில்லில் வேன் ஓட்டினான். அன்றைக்கு லோடு ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போயிருந்தான். அவன் மகள் துர்காதேவி டியூஷனுக்குப் போயிருந்தாள்.

சாயங்காலம் ஈஸ்வரன் வந்தபோது அவன் பெண்டாட்டி நாச்சியார் அடுப்படியில் கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். காயாத துணிகள் கொடி முழுக்கத் தொங்கின. சத்தியப்பிரியா அம்மிக்கு முன்னால் மனை போட்டு உட்கார்ந்து தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி பக்கத்திலேயே இருந்தது.

"கரண்டு இருக்குல்ல மதினி?"

"இருக்கு."

"அக்கா வந்ததுல இருந்து பேசல" என்றாள் நாச்சியார். "என்னங்க ஆச்சு லேப்புல?"

ஈஸ்வரன் சொன்னான். சிவப்புத் திரை, கடிகாரம், சாக்கோட்டைப் பிள்ளை. நாளைக்கு கோபிநாத் வருகிறான் என்பதையும் சொன்னான். அம்மி நின்றது.

"அவுக வந்தா யாரு போட்டதுன்னு தெரிஞ்சிருமா?" என்றாள் சத்தியப்பிரியா.

"எந்தக் கம்ப்யூட்டர்ல, எத்தன மணிக்குன்னு வரைக்கும் தெரியும்."

"ஆளு தெரியுமா?"

"அட்மின் பாஸ்வேர்டு போட்டிருந்தா, நாந்தேன் போட்டேன்னு காட்டும்."

அவள் கையிலிருந்த தேங்காய் விழுதை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். விரலைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள்.

"வியாழக்கெழம போட்டேன் தம்பி."

நாச்சியார் கருவாட்டுத் தண்ணீரில் கையை வைத்தபடி இருந்தாள்.

"நீங்க திருக்கோஷ்டியூருக்கு ரத்தம் கலெக்சன் எடுக்கப் போயிருந்தீக. டாக்டரய்யா அன்னிக்குத்தேன் ரெண்டாந் தடவ கேட்டாக. நெட்டுல அந்தப் பழைய கீபோர்டு கெடந்துச்சு. சும்மா குடுக்குறாய்ங்க. எறக்குனேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு."

"எப்படித் தெரிஞ்சது ஒங்களுக்கு?"

"ஒங்க பொறந்த தேதி போட்டுப் பாத்தேன். தெறக்கல. நாச்சி பேரப் போட்டேன். தெறக்கல. அப்புறம் சாமி பேரப் போட்டேன். புங்கடிக் கருப்பரு. பின்னாடி நம்பர் வேணும்னுச்சு. புரவி எடுத்த வருசத்தப் போட்டேன். தெறந்துருச்சு. கீபோர்டு மட்டும் வேல செய்யல."

ஈஸ்வரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அந்த பாஸ்வேர்டை வைத்த நாள் அவனுக்கு ஞாபகம் இருந்தது. எல்லாக் கம்ப்யூட்டரையும் காக்கிற சொல், காவல்காரச் சாமி பேரிலேயே இருக்கட்டும் என்று வைத்தான். புங்கடிக் கருப்பர் பங்காளிகளுக்கு மட்டும் சொந்தமான சாமி. வெளியூர் ஆளுக்குப் பேர்கூடத் தெரியாது. ரெண்டாயிரத்துப் பத்தொன்பதில் மண்குதிரை செய்து புரவி எடுத்தார்கள். ஊரே மழையில் நனைந்துகொண்டு பின்னால் போனது. ஆனால் கட்டிக்கொண்டு வந்தவளுக்கும் அதுதான் சாமி என்பது அன்றைக்கு அவன் புத்தியில் ஏறவில்லை.

"சாமியே தெறந்து விட்டுச்சுன்னு நெனச்சேன்" என்றாள் சத்தியப்பிரியா.

"நல்லாத் தெறந்துச்சு" என்றாள் நாச்சியார். "இப்ப இவுகதேன போட்டதாக் காட்டும்?"

"நாளைக்கு நானே சொல்லிர்றேன் நாச்சி. தம்பி மேல வராது."

"அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? வேலையோட போயிருமாக்கா? போலீசு வருவாய்ங்க. மாமா ஒங்கள வீட்டுல வச்சிருப்பாகளா?"

"அத அப்பப் பாத்துக்குவம்."

"நீங்க சொல்லிருவீக. இவுக வாயத் தெறக்காம இருந்தாச் சரி." நாச்சியார் புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டீகளா? நீங்க ஒண்ணும் சொல்லாதீக. அவுக சொல்றேங்கிறாக. சொல்லட்டும்."

"நாலு மாசம் கேட்டேன், நாச்சி" என்றாள் சத்தியப்பிரியா. "ஒரு பதிலு வந்திருந்தா இதத் தொட்டிருப்பேனா? அந்த மதுரைக்காரன் மூஞ்சியில நாளைக்குக் கேக்கத்தேன் போறேன்."

ஈஸ்வரன் தண்ணீர் வேண்டும் என்றான். நாச்சியார் கருவாட்டுக் கையோடு எழுந்து சொம்பில் மோந்து கொடுத்தாள். குடித்தான். அப்போது சொல்லியிருக்கலாம். வீட்டுக்குள் மூன்று பேர்தான் இருந்தார்கள். சொல்லவில்லை. குழம்பு கொதித்தது. சாப்பிட்டார்கள். டியூஷன் முடிந்து வந்த துர்காதேவி, "ஏன் எல்லாரும் இழவு வீடு மாதிரி இருக்கீக?" என்றாள். "ஒன் வாயக் கழுவு" என்றாள் அவள் அம்மா.

*

புதன்கிழமை பத்து மணிக்கு கோபிநாத் வந்தான். ஈஸ்வரனைவிடச் சின்னவன். சட்டையில் ஒரு மழைத்துளி இல்லை. வந்ததும் நாலு கம்ப்யூட்டரையும் கழற்றி உள்ளறை மேஜையில் வரிசையாக வைத்தான். காலை முழுக்க ஏதோ பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தான். வெளியே ரேணுகா நோட்டில் பேர் எழுதினாள். முத்தழகு சீட்டில் எண் எழுதினார். சத்தியப்பிரியா தாள்களைக் கையால் எழுதிக் கொடுத்தாள். அவள் கையெழுத்து நன்றாக இருந்தது.

மூன்று மணிக்கு டாக்டர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். கூப்பிடுவதற்கு முன் மதுரைக்குப் பேசியிருந்தார்.

"புள்ளைக்குத் தட்டணு பதினாலாயிரத்துக்கு இறங்கிருச்சாம். ஐசியூல இருக்கு. சாயங்காலம் சொல்றோம்னாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோபி, சொல்லுங்க."

கோபிநாத் மெதுவாகத்தான் பேசினான். "ரிப்போர்ட் அடிக்கிற சிஸ்டத்துலதான் உள்ள வந்திருக்கு. போன வியாழக்கிழமை பதினொண்ணு பத்துக்கு. தமிழ் கீபோர்டுன்னு பேரு. உள்ள இருந்தது வேற. அஞ்சு நாள் சும்மா இருந்துட்டு எல்லாத்தையும் பூட்டியிருக்கு. அட்மின் பாஸ்வேர்ட் போட்டுத்தான் இன்ஸ்டால் பண்ணியிருக்காங்க. ஈஸ்வரன், அந்த பாஸ்வேர்ட் யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தேன்."

"யாராவது ஊகிக்கிற மாதிரி வச்சிருந்தீங்களா?"

"இல்ல."

"என்னன்னு எழுதிக் காட்டுங்க. எப்படியும் மாத்தத்தானே போறோம்."

ஈஸ்வரன் பேனாவை வாங்கினான். எழுத இரண்டு விநாடி போதும். அவனுக்கு அரை நிமிஷம் ஆனது. கோபிநாத் தாளைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததில் அவனுக்குத் திருப்தி.

"இது கஷ்டமானதுதான். யாரும் ஊகிக்க முடியாது."

டாக்டர் கையை நீட்டித் தாளை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் செட்டியார். கோயில், வரி, பங்காளி, இன்னார் இந்தக் கோயில் என்கிற கணக்கெல்லாம் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"புங்கடிக் கருப்பரு. இது உங்க குலசாமியில்ல ஈஸ்வரா? பத்தொம்பதுல புரவி எடுத்தீகளே, நான் ஒரு குதிரைக்குக் குடுத்தேன்."

"ஆமாங்கய்யா."

"நம்ம லேப்புல அந்தக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி குடுக்குறது உங்க வீடு ஒண்ணுதான?"

மழைத்தண்ணீர் குழாய் வழியாக இறங்குகிற சத்தம் கேட்டது. ரேணுகா சத்தியப்பிரியாவைப் பார்த்தாள். முத்தழகு தன் கை நகத்தைப் பார்த்தார்.

சத்தியப்பிரியா எழுந்து நின்றாள்.

"அய்யா, ஒண்ணு சொல்லணும். அதுக்கு முன்னாடி இந்த சாரக் கேக்கணும். நாலு மாசமா அந்த கீபோர்டக் கேட்டு எழுதுனமே, ஏன் சார் ஒரு பதிலும் போடல?"

கோபிநாத் புருவத்தைச் சுருக்கினான். "யார் எழுதினா?"

"தம்பிதேன். மதுரைக்கு."

"எங்களுக்கு அப்படி ஒரு மெயிலும் வரலையே." போனை எடுத்துத் தேடினான். எல்லோரும் காத்திருந்தார்கள். "இல்லங்க. காரைக்குடியிலிருந்து நாலு மாசமா ஒரு ரிக்வெஸ்ட்டும் இல்ல. போன்கூட வரல. டைப்ரைட்டர் கீபோர்டா? தேவகோட்டையில கேட்டாங்க, அன்னிக்கே போட்டோம். பத்து நிமிஷ வேலை."

சத்தியப்பிரியா மெல்லத் திரும்பி ஈஸ்வரனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் அவன் தாங்கியிருப்பான். இல்லை. கடையில் வாங்கிய சாமானை வீட்டுக்குக் கொண்டு வந்து பிரித்துப் பார்க்கிற பார்வை அது. அவன் தலையைக் குனிந்தான். அதுவே பதிலாகிவிட்டது.

அவள் உட்கார்ந்தாள்.

"என்னமோ சொல்ல வந்தியே சத்தியா" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்லங்கய்யா."

"சொல்லணும்னு எந்திரிச்சியே."

"கேக்கணும்னுதேன் எந்திரிச்சேன். கேட்டுட்டேன்."

ஈஸ்வரன் எண்ணிக்கொண்டிருந்தான், எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல். அவள் பேரைச் சொன்னால் சாயங்காலம் வீட்டில் அண்ணன் இருப்பான். நாலு மாதக் கதை அவன் காதுக்கும் போகும். சொல்லாவிட்டால் தன் பேர் தானாகவே நிற்கும். இரண்டு பக்கமும் பயம்தான். ஒரு பக்கத்துப் பயத்தில் மதினி முகம் இருந்தது. அது கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். அவன் தைரியம் வந்து பேசியதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை.

"நாந்தேங்கய்யா போட்டேன்."

"நீ அன்னிக்கு இங்க இருந்தியா?"

"இருந்தேன். பன்னெண்டுக்கு மேலதேன் திருக்கோஷ்டியூர் கெளம்புனேன்."

அன்றைக்கு ஒன்பது மணிக்கு ஐஸ் பெட்டியை அவன் கையில் எடுத்துக் கொடுத்தது ரேணுகா. அவள் வாயைத் திறந்தாள். முத்தழகு மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். மூடிக்கொண்டாள்.

"எதுக்குப் போட்ட?" என்றார் டாக்டர்.

"மதினிக்கு வேல லேட்டாகுதுன்னு. அனுமதி கேக்கச் சோம்பேறித்தனம்."

"சோம்பேறித்தனம்" என்று திருப்பிச் சொன்னார் டாக்டர். "ஊரெல்லாம் தாள் ஒட்டுன. ரேணுகா ஜாதகம் பாத்ததுக்கு ஒரு வாரம் திட்டுன. அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, இப்ப நீ எழுதிக் குடுக்கப் போற காகிதந்தான் சிவகங்கையில போலீஸ்கிட்டப் போய் நிக்கும். தெரியுதா?"

"தெரியுதுங்கய்யா."

"என் பேரு கெட்டாப் பரவால்ல. அந்தத் தாயி கேட்டா பாரு, 'நேத்துக் குடுத்த ரத்தம் என்னாச்சு'ன்னு. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

டாக்டர் கோபிநாத் பக்கம் திரும்பினார்.

"காகிதம் தமிழ்லயே இருக்கட்டும் கோபி. என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சு கையெழுத்துப் போடட்டும். சத்தியா, நீ அடி."

கோபிநாத் தான் கொண்டு வந்திருந்த புது லேப்டாப்பை அவள் முன்னால் வைத்தான். அவள் கையைத் தூக்கி எழுத்துகளைத் தேடுவதைப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம். அந்த டைப்ரைட்டர் கீபோர்டுதானே வேணும்?" என்றான். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். எதையோ தட்டினான், காத்திருந்தான், இன்னொரு தடவை தட்டினான். சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிஷம் போனது. "பாருங்க, வருதா?"

சத்தியப்பிரியா ஒரு எழுத்தை அடித்துப் பார்த்தாள். வந்தது.

டாக்டர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். கீபோர்டைக் குனிந்து பார்க்கவே இல்லை. பத்து விரலும் தனித்தனியாக வேலை செய்தன. நாலு மாதமாக அந்த விரல்கள் இப்படி ஓடி யாரும் பார்க்கவில்லை. டாக்டர் சொல்வதை நிறுத்தினால் அவளும் நின்றாள், தொடங்கினால் தொடங்கினாள். 'ஈஸ்வரனாகிய நான்' என்று டாக்டர் சொன்னபோது ஈஸ்வரன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை ஒரு கணம் நிற்கும் என்று நினைத்தான். நிற்கவில்லை. 'எவருடைய தூண்டுதலும் இன்றி' என்றபோதும் நிற்கவில்லை. ஒரு பக்கம் முடிய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

தாள் வந்தது. அவன் படித்தான், கையெழுத்துப் போட்டான். கோபிநாத் அவனுடைய அடையாள அட்டையை வாங்கி உறையில் போட்டு ஒட்டினான்.

"முன்னாடி ஜனம் இருக்கு. பின்வாசலாப் போ" என்றார் டாக்டர். "சத்தியா, கூடப் போய்க் கதவப் பூட்டிட்டு வா. இனிமே அந்தக் கதவு தெறந்து கெடக்கக் கூடாது."

அவள் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். ரத்தக் குழாய்கள் அடுக்கின குளிர்பெட்டியைத் தாண்டி, பழைய பேப்பர்க் கட்டுகளைத் தாண்டி, பின்வாசல். கதவைத் திறந்தால் சந்து. சாக்கடை நிரம்பி வாசற்படி வரைக்கும் தண்ணீர் நின்றது. அவன் பேண்டை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினான். திரும்பினான்.

"மதினி."

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெனம் கேட்டேனே தம்பி. சோத்து டப்பாவத் தெறக்குறப்ப எல்லாம் கேட்டேன். 'இன்னும் வரல மதினி'ன்னு தெனம் சொன்னீகளே. எம் முகத்தப் பாத்துத்தேன சொன்னீக."

"பயந்துட்டேன் மதினி. அந்த ஆளு சிரிப்பான்னு."

"இதுக்கா?"

"இதுக்குத்தேன்."

உள்ளே டாக்டருடைய போன் அடிப்பது கேட்டது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். மணி நின்றது. டாக்டர் யாரிடமோ "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

"மதுரையா?" என்றான் ஈஸ்வரன்.

"தெரியல."

"கேட்டுச் சொல்லுங்க மதினி. இங்கனயே நிக்கிறேன்."

"நிக்காதீக. வீட்டுக்குப் போங்க." அவள் கை கதவுக்குப் போனது. "ஒங்க அண்ணன் ஆறு மணிக்கு வந்துருவாக. நா வாரதுக்கு முந்தி அவுகள்ட்ட என்ன சொல்லணுமோ அத நீங்களே சொல்லிருங்க. எனக்கும் பயமாத்தேன் இருக்கு."

தகரக் கதவைச் சாத்தினாள். தகரம் நிலையில் மோதி நடுங்கி ஓய்ந்தது. சாவி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது; பிறகு இன்னொரு சுற்று. காலடிச் சத்தம் உள்ளே போனது. ஈஸ்வரன் தண்ணீரில் நின்றபடி கதவைத் தள்ளிப் பார்த்தான். நன்றாகத்தான் பூட்டியிருந்தாள்.